கத்தாத மெஷின்

ஞாயித்துக்கிழமை அன்னதானப் பாத்திரம் கழுவும்போது நிறைய பேர் கேட்டீங்க, "உங்க சிஎன்சி மெஷின் என்னாச்சு?"ன்னு. அங்க நின்னு சொல்ல நேரமில்ல, அதான் எழுதுறோம்.

நம்ம தம்பிக்குப் போன வருஷம் ஆட்குறைப்புல வேலை போச்சு. கிடைச்ச பணத்துல பாதிய இதுல போட்டு, அலுமினிய பாகம் வெட்டிக் குடுத்துப் பொழைச்சுக்கிறேன்னான். நாங்க மூணு பேரும் கூட நின்னோம். அவன் வீட்டு கார் போர்ச்தான் பட்டறை.

முதல் மெஷின் தோல்வி. தப்பு எங்களோடதுதான். மரம் வெட்டுற மெஷினப் பார்த்து, கேன்ட்ரிய அலுமினிய ப்ரொஃபைல்ல கட்டிட்டோம். பலகையில அழகா ஓடுச்சு. உலோகத்துல கட்டர் பட்டதும் ஒரே கத்தல், தாமானே எட்டிப் பார்த்துச்சு. 3 கட்டர் உடைஞ்சப்புறம்தான் டயல் கேஜ் வச்சு, ஸ்பிண்டில் நுனிய கையால தள்ளிப் பார்த்தோம். ஊசி அரை மில்லிமீட்டர் ஓடுச்சு! பேக்டரியில தினமும் இதைச் செய்யுற ஆளுங்க நாங்க. வெக்கமாப் போச்சு. தம்பி ஒண்ணும் பேசல, அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

பிரிச்சுட்டு இரும்புல ஆரம்பிச்சோம். அலுமினியத்த விட இரும்பு சுமார் 3 மடங்கு விறைப்பு. அதைவிட முக்கியம் அளவு. தொங்குற நீளத்தப் பாதியாக்கினா வளைவு எட்டுல ஒரு பங்குதான். அதனால கேன்ட்ரிக்கு அடியில இருந்த 200 மில்லிமீட்டர் உயரத்த 90 ஆக்கினோம். "உயரமான வேலை வந்தா?"ன்னான் தம்பி. வராத வேலைக்காக வர்ற வேலையக் கெடுக்கலாமாப்பா?

பழைய இரும்புக் கடையில கனமான சதுரக் குழாய் கிடைச்சுது. வெல்டிங் வச்சதும் இழுத்துகிச்சு, ரெயில் உக்கார்ற இடம் கோணல். மில்லிங் கடைக்குக் குடுக்க காசில்ல. ரெண்டு பக்கத்தையும் ஒரு வாய்க்கால்ல இணைச்சு, மெதுவா இறுகுற எபாக்சிய ஊத்தினோம். தண்ணி மாதிரி அதுவா மட்டம் பார்த்துக்கும். முழுசா இறுகுற வரைக்கும் யாரையும் பக்கத்துல விடல. அதிர்வு அடங்க, குழாய்க்குள்ள மணலும் எபாக்சியும் கலந்து அடைச்சோம்.

போன வாரம் அதே மாதிரி தள்ளிப் பார்த்தோம். ஊசி 0.04 தாண்டல. 6 மில்லிமீட்டர் கட்டர்ல அலுமினியம் வெட்டினா ஒரே சீரா ஓடுது, சிராய் மொறுமொறுன்னு விழுது. இரும்பு வெட்ட இது போதாது, அதையும் சொல்லிடுறோம்.

தம்பிக்கு 20 பிராக்கெட் ஆர்டர் வந்திருக்கு. பார்க்க விரும்புறவங்க சாயங்காலம் 5 மணிக்கு மேல வாங்க. பாதுகாப்புக் கண்ணாடி எடுத்துட்டு வாங்க, எங்ககிட்ட 3தான் இருக்கு.