இல்லாத கிளட்ச்

அப்பா 30 வருசமாக டிரெய்லர் ஓட்டுகிறார். இப்போதெல்லாம் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு, நாற்பதடி கன்டெய்னர். ரோட்டில் ஊர்ந்து ஊர்ந்து கிளட்சை மிதித்ததில் இடது முட்டி தேய்ந்துவிட்டது.

நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியது ஹூண்டாய் ஐ20 என் லைன், 2021 மாடல். இருங்காட்டுக்கோட்டையில் செய்தது. தெருவுக்கு நாலு நிற்கும் அதே ஐ20தான். ஆனால் கிரில்லில் ரேஸ் கொடி மாதிரி கட்டம், பம்பரில் சிவப்புக் கோடு, சிவப்பு பிரேக் காலிப்பர், பின்னால் இரட்டைப் புகைக்குழாய். எஞ்சின்கூட சாதா ஐ20 டர்போவில் இருந்த 1 லிட்டர், 120 குதிரைத்திறன்தான். ஐரோப்பாவில் விற்ற அசல் ஐ20 என்-னுக்கு 1.6 லிட்டர், 204. நமக்கு வந்தது வெறும் சட்டை என்று நானும் கிண்டல் அடித்தவன்தான், ஓட்டிப் பார்க்கும்வரை.

ஞாயிறு விடியற்காலை, மீஞ்சூர் - காட்டுப்பள்ளி சாலை காலி. இரண்டாவது கியரில் அழுத்தினேன். புகைக்குழாய் உறுமியது, ஸ்டியரிங் கையில் கனத்தது. சஸ்பென்ஷனை இறுக்கியிருப்பதால் வளைவில் வண்டி சாயவில்லை. டிரெய்லர்கள் அரைத்த குழிகள் மட்டும் முதுகில் ஏறின.

"சத்தம் ஜாஸ்திடா" என்றார் அப்பா. துறைமுகம் வரைக்கும் போய்த் திரும்பும்போது சாவி கேட்டார்.

என்னுடையது ஐஎம்டி. கியர் உண்டு, கிளட்ச் பெடல் கிடையாது. லிவரை அசைத்தால் சென்சார் பார்த்துக்கொள்ளும். சொன்னேன், தலையாட்டினார். இரண்டாவது கியருக்குப் போகும்போது இடது கால் வெறும் மேட்டை மிதித்தது. மூன்றாவதுக்கும்.

"வலிக்கலையேடா" என்றார். மீஞ்சூர் வரும்வரை மிதித்துக்கொண்டேதான் வந்தார்.