சக்‌ஷன் பக்கம் பாருங்க

காயில் கட்டும் பட்டறைக்கு எந்தப் பம்பும் நல்ல நிலைமையில் வருவதில்லை. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள அந்தப் பட்டறை வாசலில் அரை எச்.பி., ஒரு எச்.பி. மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்பீஸில் ஊர்ப்பெயர்: சேத்தூர், முகவூர், தளவாய்புரம், மம்சாபுரம், வத்திராயிருப்பு. ஆள் பெயர் எழுதும் வழக்கமில்லை. ஊரைச் சொன்னாலே எந்தத் தோப்பு, எந்த வீடு என்று பட்டறைக்கார அண்ணாச்சிக்குத் தெரிந்துவிடும். மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்த அப்பாவிடம் தொழில் கற்றவர் அவர்.

இந்த ஊரில் காயில் கட்டத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருப்பதற்கு மில்கள்தான் காரணம் என்பது அவர் கணக்கு. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். 1939இல் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் வந்தது. நூற்பாலையில் மோட்டார் எரிந்தால் மெஷின் நிற்கும், கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க முடியாது. அதனால் வேலை தெரிந்த ஆள் உள்ளூரிலேயே வேண்டியிருந்தது. அந்த வேலைதான் ரிட்டயர் ஆனவர்களோடு மில் கேட்டுக்கு வெளியே வந்து தோட்டத்துப் பம்புக்கும் வீட்டுப் பம்புக்கும் இறங்கியது.

குறைந்த விலையில் பம்பு வாங்கி, சூடான திரவத்தை ஓட்ட நினைப்பவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்கத்தான் போயிருந்தேன். அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. ஒரு பம்பின் பின்மூடியைக் கழற்றி, ஸ்டேட்டரை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார். ரன்னிங் காயில் முழுக்கக் கரி. ஸ்டார்ட்டிங் காயில் லேசாகப் பழுப்பேறியதோடு தப்பித்திருந்தது.

“கண்டன்சர் போயிருக்கு சார். ஸ்டார்ட்டிங் காயிலுக்குக் கரண்டே வரல. மோட்டார் சுத்தாம உம்முனு நின்னிருக்கு. சுவிட்சைப் போட்டவங்க தண்ணி ஏறுதுன்னு நெனச்சு வேற வேலை பாத்திருக்காங்க.”

அடுத்தது தென்னந்தோப்பிலிருந்து வந்த மும்முனை மோட்டார், ஸ்டார் கனெக்‌ஷன். மூன்று பேஸில் இரண்டு எரிந்திருக்க, ஒன்று மட்டும் கடையில் வாங்கிய நிறத்திலேயே இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் அறுந்து, மிச்சம் இரண்டும் சுமையைத் தாங்கியிருக்கின்றன. டெல்டாவாக இருந்தால் நேர்மாறாக ஒன்று எரியும், இரண்டு தப்பும். எரிந்ததை வைத்து எப்படி ஓட்டினார்கள் என்று அவர் சொல்லிவிடுகிறார். பம்பு கெட்டதற்குப் பம்பே காரணமாக இருப்பது அபூர்வம் என்றார்.

உள்ளே ஒரு இளைஞர் காயிலின் தலையை ஒரு பக்கம் உளியால் சீவிவிட்டு மறுபக்கத்திலிருந்து கொத்தாக இழுத்துக்கொண்டிருந்தார். இழுத்த கம்பிகளைப் பொறுமையாக எண்ணினார். ஒரு கம்பியைச் சுரண்டி மைக்ரோமீட்டரில் வைத்துக் கேஜ் பார்த்தார். எத்தனை சுற்று, எந்தக் காடியிலிருந்து எந்தக் காடிக்கு, என்ன கேஜ் என்று நோட்டில் படத்தோடு குறித்தார். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் மோட்டார் ஓடத்தான் செய்யும், ஆனால் சூடேறிக்கொண்டே ஓடும். சில பட்டறைகளில் நேரம் மிச்சம் என்று மண்ணெண்ணெய் ஊற்றி ஸ்டேட்டரையே கொளுத்திக் காயிலை உருவுவார்கள். அப்போது தகடுகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய பூச்சும் சேர்ந்து போய்விடும். அதன் பிறகு எவ்வளவு நல்ல தாமிரம் போட்டாலும் மோட்டார் வெயிலில் கிடந்ததுபோலச் சுடும். கரண்ட் பில்லில் அது தெரியும், காரணம்தான் தெரியாது.

விலை மலிவான பம்புகளில் பலவற்றுக்குக் காயில் அலுமினியக் கம்பி. அதே வேலைக்குத் தாமிரத்தைவிடத் தடித்த கம்பி வேண்டும், ஜாயின்டும் சுலபத்தில் பிடிக்காது. அண்ணாச்சி அதைக்கூடக் குற்றமாகச் சொல்லவில்லை. எரிந்தால் தாமிரத்தில் கட்டிக்கொள்ளலாம். அவருக்கு எரிச்சல் வேறொன்றில்: பிளாஸ்டிக்கோடு ஒட்டி மூடி, ஸ்குரூவே இல்லாமல் வரும் பம்புகள். அவற்றை அவர் பட்டறைக்குள் சேர்ப்பதில்லை. எனக்கும் இதுதான் சரியென்று பட்டது. ஆயிரம் ரூபாய் குறைத்து வாங்குவதில் தப்பில்லை. நம் ஊரில் ஒருவரால் திறக்க முடியாததை வாங்குவதுதான் வீண்செலவு.

பிறகுதான் நான் கேட்டதற்கு வந்தார். மேஜையில் இரண்டு இம்பெல்லர்களை வைத்தார். ஒன்று, வளைந்த இறகுகளுள்ள சாதாரண சென்ட்ரிபியூகல். மற்றது வீட்டுப் பம்புகளில் வரும் பித்தளை வட்டு. விளிம்பில் மட்டும் சின்னச் சின்ன வெட்டுகள். இரண்டாவது உயரத்துக்குத் தள்ளும், ஆனால் வட்டுக்கும் உறைக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. மணல் ஒரு துளி போனால் ஜாம். பல நாள் ஓட்டாமல் விட்டாலும் துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். பின்பக்கத் தண்டின் முனையில் வெட்டு இருந்தால் அதில் ஸ்குரூடிரைவரை வைத்துத் திருகிவிட்டால் போதும். அது தெரியாமல் சுவிட்சைப் போட்டுப் போட்டுக் காயிலை எரிக்கிறார்கள்.

இன்னொரு வித்தியாசம் எனக்குப் புதிது. சென்ட்ரிபியூகல் பம்பின் டெலிவரி வால்வைப் பாதி மூடினால் மோட்டாருக்குச் சுமை குறையும். பித்தளை வட்டுப் பம்பில் மூட மூடச் சுமை ஏறும். கிளாம்ப் மீட்டரை மாட்டி வால்வைத் திருகிக் காட்டினார். முதல் பம்பில் ஆம்பியர் இறங்கியது, இரண்டாவதில் ஏறியது. நிதானமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஓட்ட வேண்டிய வேலைக்கு இரண்டாவது ரகம் ஆகாது. பெட்டியில் 30 மீட்டர் என்று பெரிதாகப் போட்டிருப்பதும் ஒரு சொட்டுகூட வெளியே வராத நிலையில் எட்டும் உயரம். நமக்குத் தண்ணீர் வேண்டும், உயரம் மட்டும் போதாது.

இந்த ரகங்களுக்கான இந்தியத் தர விதிகள் ஐ.எஸ். 9079, ஐ.எஸ். 8472. இரண்டின் தலைப்பிலேயே ‘தெளிந்த, குளிர்ந்த தண்ணீருக்கான’ என்று இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்கிப்போய்க் கொதிக்கும் காரத்தை ஊற்றுபவர்கள் இதைப் படிப்பதில்லை.

அப்படி ஊற்றும் இடத்துக்கே மறுநாள் கூட்டிப்போனார். சத்திரப்பட்டி வட்டாரம் பேண்டேஜ் துணிக்குப் பேர்போனது. விசைத்தறியில் நெய்த துணி கஞ்சியும் பருத்தியின் மெழுகுமாக வரும். அப்படியே வைத்தால் ரத்தம் உறிஞ்சாது. காஸ்டிக் சோடாக் கரைசலில் வேகவைத்து, வெளுத்து, அலச வேண்டும். கடைசியில் சோதனை எளிது: தண்ணீரில் போட்டால் 10 நொடிக்குள் மூழ்க வேண்டும். நாங்கள் போன சலவைப் பட்டறையில் துணியைத் தொட்டியில் அடுக்கி, அடியில் இறங்கும் கரைசலை ஒரு சின்னப் பம்பு திரும்ப மேலே எடுத்து ஊற்றுகிறது. துணி அசையாது, திரவம்தான் சுற்றும்.

அங்கே பம்பு மாற்றி மாற்றிச் சலித்திருந்தார்கள். காலையில் நன்றாக ஓடும். சூடு ஏறியதும் உள்ளே கூழாங்கல் உருளுகிற மாதிரி சத்தம் போட்டுத் தண்ணீரை விட்டுவிடும். பம்பைத் தொட்டி விளிம்புக்கு மேலே ஒரு மேடையில் வைத்திருந்தார்கள், கீழே ஈரம் என்று. சக்‌ஷன் பைப்பில் மூன்று எல்போ, ஒரு வால்வு.

“பம்பு எங்க சார் இழுக்குது? காத்துதான் தண்ணிய அதுக்குள்ள அமுக்குது” என்றார் அண்ணாச்சி. விஷயம் அதுதான். காற்றின் அழுத்தம் குளிர்ந்த தண்ணீரைக் கணக்குப்படி 10.3 மீட்டர் வரை ஏற்றும். நடைமுறையில் ஏழு கிடைத்தால் அதிகம். தண்ணீர் 90 டிகிரிக்கு வந்துவிட்டால் ஆவியே ஏழு மீட்டருக்கு மேல் தின்றுவிடும். மிச்சத்தை எல்போவும் வால்வும் எடுத்துக்கொண்டால் பம்புக்குள்ளேயே திரவம் கொதிக்கும். அந்தக் குமிழிகள் உடையும் சத்தம்தான் கூழாங்கல்.

செய்த வைத்தியத்தில் புதுப் பம்பு கிடையாது. பம்பைத் தரைக்கு இறக்கி, தொட்டியின் அடிவாய்க்கும் கீழே வைத்தார்கள். சக்‌ஷன் பைப்பை ஒரு சுற்று பெரிதாக்கி நேராகக் கொண்டுவந்தார்கள். வால்வு டெலிவரிப் பக்கத்துக்குப் போனது. அன்று கொதிக்கும் கரைசல் இரைச்சலில்லாமல் சுற்றியதை நின்று பார்த்தேன்.

எந்தத் திரவத்துக்கு எந்த உலோகம் என்பது அங்கே வேலை செய்யும் பெண்களுக்குக்கூட மனப்பாடம். காஸ்டிக்குக்கு வார்ப்பிரும்பு தாங்கும், அலுமினியம் கரைந்துபோகும். பிளீச்சிங் கரைசல் இரும்பைத் தின்னும், அதற்குப் பிளாஸ்டிக் பம்பு. ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்து வெளுப்பவர்கள் இரும்பையே பக்கத்தில் விடமாட்டார்கள். துருத் துகள் ஒன்று துணியில் உட்கார்ந்தால் அந்த இடத்தில் பெராக்சைடு வெறிகொண்டு சிதையும். ஒரு அம்மா வெளுத்த துணியை வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டினார்: குண்டூசி முனையளவு ஓட்டை, சுற்றிலும் இற்றுப்போன நூல். “பூச்சி அரிக்கல தம்பி, துரு அரிச்சது.”

இதெல்லாம் எனக்கு எதற்கு என்றால், அமெரிக்காவில் இருக்கும் சித்தி மகன் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான். அங்கே 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்திலிருந்து மத்திய அரசின் விதிப்படி சொந்த உபயோகத்துக்கு அது குற்றமில்லை. இங்கே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் வீட்டில் காய்ச்ச விடாது; அதனால் ராஜபாளையத்தில் யாரிடமும் அதற்கென்று பம்பு கேட்க முடியாது. ஆனால் வேலை ஒன்றுதான். முளைகட்டிய பார்லியை 65 டிகிரிச் சூட்டில் ஊறவைத்து, அடியில் வடியும் இனிப்புச் சாற்றைத் திரும்பத் திரும்ப மேலே ஊற்றித் தெளியவைக்கிறார்கள். வேகமாக ஓட்டினால் தானியம் இறுகி அடைத்துக்கொள்ளும். அவர்கள் வாங்குவது காந்தத்தால் இம்பெல்லரைச் சுழற்றும் சின்ன சென்ட்ரிபியூகல். தண்டு வெளியே வராததால் சீல் ஒழுகும் பேச்சே இல்லை. இன்னும் சிக்கனமானவர்களுக்கு 12 வோல்ட் பம்பு. இரண்டும் தாமாகக் காற்றை வெளியேற்றாது, வெறுமனே ஓடினால் உள்ளே புஷ் போய்விடும். பாத்திரத்துக்குக் கீழே வை, டெலிவரியில் மட்டும் வால்வு வை என்று போனில் சொன்னேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. உணவுத் தர சிலிக்கான் டியூபுக்கு ஆன செலவு பம்பைவிட அதிகம் என்று அலுத்துக்கொண்டான்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் பதினோரு கிலோமீட்டர். அங்கே ஒரு பால்கோவா கொட்டகையில் அண்ணாச்சிக்கு வேலை இருந்தது, நானும் தொற்றிக்கொண்டேன். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். அடுப்பில் விறகு, மேலே அகன்ற இரும்புச் சட்டி, துடுப்பைப் போட்டுக் கிண்டியபடி ஒருவர். கேனிலிருந்து சட்டிக்குப் பாலைத் தூக்கி ஊற்றி முதுகு போகிறது, சின்னப் பம்பு ஒன்று மாட்டித் தாருங்கள் என்று முதலாளி கேட்டார்.

“பாலுக்கு என்கிட்ட பம்பு இல்லண்ணே” என்றார் அண்ணாச்சி. அவரிடம் இருப்பவை வார்ப்பிரும்பு உறை, பித்தளை இம்பெல்லர். பாலின் கொழுப்பை உலோகம் கெடுத்து வாடை வரவைக்கும். நிமிஷத்துக்கு 2,800 சுற்றுக்குப் பக்கத்தில் அடிக்கிற அடியில் கொழுப்பு உடைந்து சீக்கிரம் சிக்கடிக்கும். உறையின் மூலையில் தங்கும் பாலைத் தினமும் கழற்றிக் கழுவ யாருக்குப் பொறுமை? பால்பண்ணைகளில் வைத்திருக்கும் ஸ்டெயின்லெஸ் பம்பு இந்த அளவு வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகாது. வியாபாரம் கைவிட்டுப் போகிறதே என்ற தயக்கம் அவர் குரலில் இல்லை.

சட்டி கழுவும் தண்ணீருக்கு வேண்டுமானால் அரை எச்.பி. மாட்டலாம் என்றார். முதலாளி உடனே எந்தக் கம்பெனி, எத்தனை வருஷ வாரண்டி என்று ஆரம்பித்தார்.

“அத அப்புறம் பாப்போம். சம்ப் எத்தனை அடி ஆழம்?”

முதலாளிக்குத் தெரியவில்லை. கிண்டுபவருக்கும் தெரியவில்லை. ஒரு பையன் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு அடி என்று சொன்னான். முக்கால் இஞ்ச் பைப் வேண்டாம், சக்‌ஷனுக்கு ஒரு இஞ்ச், புட் வால்வு புதுசு என்று அண்ணாச்சி சிட்டையில் எழுதிக் கொடுத்தார்.