சிலேட்டா, நோட்டா, புத்தகமா?

உத்தரப் பிரதேசத்தில் 2012 சட்டசபைத் தேர்தலின்போது சமாஜ்வாதி கட்சி ஓர் இரட்டை வாக்குறுதி தந்தது. பத்தாம் வகுப்பு தேறினால் டேப்லெட். பன்னிரண்டாம் வகுப்பு தேறினால் லேப்டாப். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குத் தொட்டுப் பார்க்க ஒன்று, வளர்ந்தவர்களுக்கு உட்கார்ந்து வேலை செய்ய ஒன்று. ஜெயித்து வந்த அகிலேஷ் யாதவ் அரசு 2013 மார்ச்சில் லேப்டாப் கொடுக்க ஆரம்பித்து சுமார் 15 லட்சம் பேருக்குக் கொடுத்து முடித்தது. டேப்லெட் வரவே இல்லை. காலம் மாறியது. 2021 டிசம்பர் 25 அன்று லக்னோ கிரிக்கெட் மைதானத்தில் யோகி ஆதித்யநாத் அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது ஸ்மார்ட்போனும் டேப்லெட்டும். அடுத்த மே மாதம் ஹரியானா அரசு பத்து முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு டேப்லெட் தந்தது. சுமார் 5 லட்சம்.

இடையில் நடந்தது 2020. பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்ட அந்த மாதங்களில் பாடம் என்பது ஆசிரியர் பேசும் வீடியோவாகிப்போனது. வீடியோ பார்க்க டேப்லெட்டை மிஞ்சிய கருவி கிடையாது. விலையும் குறைவு. ஆகவே அமைச்சர்களும் அப்பாக்களும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

அமைச்சர்களை விட்டுவிடலாம், பணம் அவர்களுடையதல்ல. செம்பூரிலோ கரோல்பாகிலோ மல்லேஸ்வரத்திலோ இரண்டு அறை வீட்டில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை நினைத்துக்கொண்டால் பிரச்னையின் முழுப் பாரமும் தெரியும். ப்ளஸ் ஒன் படிக்கும் பெண். கண்புரை ஆபரேஷன் ஆன தாத்தா. கையில் 15,000 அல்லது 20,000 ரூபாய். வாங்கப்போவது ஒன்றே ஒன்று. "எழுத்து பெரிசாத் தெரிஞ்சாப் போதும்டா, வேற எதுவும் வேண்டாம்" என்பார் தாத்தா. பெண் லேப்டாப் என்பாள். கடைக்காரர் டேப்லெட்டை எடுத்து வைப்பார்.

மூவரில் தாத்தாவின் விருப்பத்துக்கென்றே ஒரு கருவி இருக்கிறது. ஆனால் அக்கம்பக்கக் கடைகளில் அது சுலபமாகக் கண்ணில் படாது. இ-ரீடர். அமேசான் தன் முதல் கிண்டிலை 2007 நவம்பரில் அமெரிக்காவில் வெளியிட்டது. அன்று அதன் விலை 399 டாலர். சில மணி நேரத்தில் சரக்கு தீர்ந்துபோயிற்று. அதன் திரையில் விளக்கு இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழ்கள், அவற்றுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள். மின்சாரம் தொட்டால் கறுப்பு மேலே வரும், அல்லது வெள்ளை மேலே வரும். வந்தது அங்கேயே நிற்கும். பக்கம் திருப்பும்போது மட்டும்தான் மின்சாரச் செலவு. அதனால் ஒரு தடவை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் ஓடுகிறது. மொட்டை மாடி வெயிலில் உட்கார்ந்தாலும் அச்சடித்த தாள் போலத் தெளிவாகத் தெரிகிறது. டேப்லெட்டின் திரை நேர்மாறு. அது பின்னாலிருந்து ஒளி பாய்ச்சும் விளக்கு. வெயிலில் அது முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். பிற்கால இ-ரீடர்களிலும் விளக்கு வந்தது, ஆனால் ஓரத்திலிருந்து திரையின் மேல் பரவும் வெளிச்சமாக.

எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாம். பெரிதாக்கினால் வரிகள் தாமே மடிந்துகொள்ளும், பக்கத்தை இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டியதில்லை. சுமார் 200 கிராம் எடை, படுத்துக்கொண்டு படித்தால் கை வலிக்காது. தாத்தாக்களுக்கு இதைவிட நல்ல பொருளை யாரும் செய்யவில்லை. ஆனால் அவருக்குத் தமிழ் வேண்டும். கிண்டில் கடை இந்திய ரூபாயில் திறந்தது 2012 ஆகஸ்டில். தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிப் புத்தகங்களுக்கு அங்கே இடம் கிடைத்தது 2016 டிசம்பரில். நான்கு வருடக் காத்திருப்பு. இன்றும் ஒரு சங்கடம் தீரவில்லை. பழைய தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பகுதி இணையத்தில் இருப்பது ஸ்கேன் செய்த படங்களாக. ஆறு அங்குலத் திரையில் அந்தப் பக்கம் சுருங்கி எறும்பு வரிசையாகிவிடுகிறது. படத்தில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடியாது. வண்ணப் படங்கள் நிறைந்த என்சிஇஆர்டி பாடப் புத்தகத்துக்கும் கறுப்பு வெள்ளைத் திரையில் அதே கதி. இங்கே பத்து அங்குல டேப்லெட் சுலபமாக ஜெயிக்கிறது. இதை மறைத்துவிட்டு இ-ரீடருக்கு மாலை போடுவது நியாயமாகாது. பேத்தியின் பாடப் புத்தகமும் தாத்தாவின் பழைய நாவலும் ஒரே திரையில் வேண்டுமென்றால் அப்பாவுக்கு வேறு வழியில்லை.

ஆனால் பேத்தி படிக்க மட்டுமா கேட்டாள்?

டேப்லெட்டுக்குத் தமிழில் சிலேட்டு என்று செல்லப் பெயர் வைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. பல்பத்தோடு கொடுத்த அந்தப் பழைய சிலேட்டு எழுதுவதற்கென்றே பிறந்தது. எச்சில் தொட்டு அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். அதைத் தவிர அதில் செய்ய ஒன்றும் கிடையாது. புதிய சிலேட்டில் எழுதுவதைத் தவிர எல்லாம் செய்யலாம்.

இந்த முரண் ஒரு முறை தேசிய அளவிலேயே அரங்கேறியது. 2011 அக்டோபர் 5 அன்று டில்லியில் அப்போதைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' டேப்லெட்டை வெளியிட்டார். உலகின் மிக மலிவான டேப்லெட் என்றார்கள். அரசு வாங்கிய விலை சுமார் 2,250 ரூபாய், மாணவர்களுக்கு மானியத்தில் இன்னும் குறைவு. ஏழு அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 256 எம்பி மெமரி. திரை விரலின் தொடுகைக்கு மசியாது. நகத்தால் அழுத்த வேண்டும். பேட்டரி இரண்டு மூன்று மணி நேரத்தில் களைத்துவிடும். உள்ளே ஓடிய ஆண்ட்ராய்டு 2.2, தமிழ் போன்ற இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் காட்ட அன்று தயாராகவே இல்லை. கட்டம் கட்டமாகத் தெரியும். இந்தியக் கிராமத்துக்கென்று சொல்லப்பட்ட கருவிக்கு இந்திய மொழி தெரியவில்லை.

ஆகாஷை ஏளனம் செய்தவர்கள் அப்போதே நிறையப் பேர். விலையை நினைத்தால் அது அநியாயம். கவனிக்க வேண்டியது அடுத்து நடந்தது. திட்டம் ஐஐடி பம்பாய்க்குப் போனது. 2012 நவம்பர் 11 அன்று ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி ஆகாஷ் 2-ஐ வெளியிட்டார். வேகம் கூடியது, திரை விரலுக்குப் பணிந்தது. ஐஐடி பம்பாயில் இருந்தவர்கள் பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் அல்லவா, அவர்களுக்கு இந்தக் கண்ணாடிப் பலகையில் என்ன குறை என்று உடனே தெரிந்துவிட்டது. சி, பைத்தான் மொழிகளில் புரோகிராம் எழுதும் வசதியை அதில் சேர்த்தார்கள். ஏழு அங்குலத் திரையில் புரோகிராம் எழுதிப் பார்த்தால்தான் தெரியும். விசைப்பலகை எழும்பிப் பாதித் திரையை விழுங்கிவிடும். மிச்சத்தில் நாலைந்து வரி. ஒவ்வொரு அடைப்புக்குறிக்கும் வேறு விசைப் பக்கத்துக்குத் தாவ வேண்டும். நல்ல எண்ணத்தில் செய்த வேலை, தப்பான பலகையில்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கும் இதுதான். 1999ல் சென்னையில் கூடிய மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையை அங்கீகரித்தது. குறில் நெடில் இடது கையில், மெய்கள் வலது கையில். இரண்டு கைகளும் மாறி மாறி ஓட வேண்டும் என்பதே அதன் கணக்கு. கண்ணாடியில் இரண்டு கட்டைவிரல்கள்தான் ஓடுகின்றன. ஒரு வரி பதில் அனுப்ப அது போதும். ஐந்து பக்கக் கட்டுரை எழுத உட்கார்ந்த பெண் மூன்றாவது பத்தியில் சோர்ந்து, எங்கிருந்தோ வெட்டி ஒட்டத் தொடங்குவாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. தனியாகக் கீபோர்டு வாங்கி இணைக்கலாமே என்பார்கள். இணைக்கலாம். மூடி, தாங்கி, கீபோர்டு எல்லாம் சேர்த்தால் ஒரு சின்ன லேப்டாப்பின் விலை வந்துவிடும். அதுவும் மடியில் வைத்தால் நிற்காது.

அந்தச் சின்ன லேப்டாப்புக்கு என்ன ஆயிற்று என்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம். கிண்டில் வந்த அதே 2007ல், ஒரு மாதம் முன்னால், தைவானின் ஆசுஸ் நிறுவனம் ஏழு அங்குல ஈ பிசியைக் கொண்டுவந்தது. ஒரு கிலோவுக்கும் குறைவு, மலிவு, லினக்ஸில் ஓடியது. 'நெட்புக்' என்ற பெயரில் இரண்டு மூன்று வருடம் உலகமே வாங்கியது. 2010 ஜனவரியில் ஐபேடை அறிமுகம் செய்த மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் நெட்புக்குகள் எதிலுமே சிறந்தவையல்ல என்று ஒதுக்கித் தள்ளினார். அவை உண்மையிலேயே மந்தம்தான், திரையும் மோசம். ஆனால் அவற்றில் ஒரு முழுக் கட்டுரை எழுத முடிந்தது. 2012 முடிவதற்குள் பெரிய நிறுவனங்கள் தயாரிப்பை நிறுத்தத் தொடங்கிவிட்டன. பிறகு வந்த குரோம்புக் அந்த வம்சத்தின் ஒரு கிளை. இணையத் தொடர்பு இருந்தால்தான் அதற்கு முழு உயிர்.

அப்பா செய்யக்கூடியது என்ன? பள்ளி வேலைக்குப் பதினொரு அல்லது பதினான்கு அங்குல லேப்டாப், புதிதில் முடியாவிட்டால் நம்பகமான இடத்தில் பழையது. வீடியோ அதிலும் ஓடும், பாடப் புத்தகப் படமும் தெரியும். எடை கூட, சார்ஜரும் சுமக்க வேண்டும். தாத்தாவுக்கு அடுத்த வருட போனஸில் இ-ரீடர். அதுவரை அவருக்கு நஷ்டம்தான். ஸ்கேன் செய்த நாவலை லேப்டாப் திரையில் மேஜைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும், பேத்தி எழுந்த பிறகு. பேத்தி பதினொரு மணிக்கு முன் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை.

தமிழக அரசு 2011 செப்டம்பரிலிருந்து பல வருடங்கள் மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்தது. சிலர் விற்றார்கள், சில பழுதாகி மூலையில் கிடந்தன. பலர் அதில்தான் முதல் முறையாகத் தமிழில் டைப் செய்தார்கள். திட்டம் இடையில் நின்றுபோயிற்று. 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு, அவரவர் விருப்பப்படி, டேப்லெட் அல்லது லேப்டாப் என்று அறிவித்தார்கள். ஆனால் பிறகு எல்காட் டெண்டர் விட்டது லேப்டாப்புக்கு.