மாடியில் ஒரு நந்தவனம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் மேற்கொண்ட கைங்கர்யம், நந்தவனம் அமைத்து வடபத்ரசாயிக்கு மாலை சமர்ப்பித்ததே. அங்குத் துளசியின் அருகேதான் ஆண்டாள் கண்டெடுக்கப்பட்டாள். மண்ணைக் கொத்தி நீர் வார்ப்பதும் வழிபாடே என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆனால் இன்று கொத்துவதற்கு மண் எங்கே? தாம்பரத்தை அடுத்த இரும்புலியூர், ஏரியும் வயலுமாக இருந்த ஊர். இப்போது ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. அங்கே மேல்தளத்தில் வசிக்கும் மூதாட்டி ஒருவர், ஒரு காலத்தில் கோயில் நந்தவனத்தில் நாள்தோறும் பூப்பறித்தவர். முழங்கால் வலியால் அது நின்றுபோயிற்று. "இனி என்னால் ஆகும் கைங்கர்யம் ஏது?" என்ற ஏக்கமே வலியினும் பெரிதாக அவரை வருத்தியது.

வீட்டை ஒட்டிய திறந்த தளத்தில் செடி வைக்க அவர் விரும்பினார். தளம் ஒழுகும், பாரம் தாங்காது என்று மகன் அஞ்சினார். அந்த அச்சம் நியாயமானதே. நனைந்த செம்மண் மிகவும் கனக்கும். ஆகவே தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் மிகுதியாகவும், மண் குறைவாகவும் கலந்து பைகளில் நிரப்பினர். அடியில் துளையிட்டு, செங்கற்கள்மேல் சுவரோரமாக வைத்தனர். தமிழக அரசின் தோட்டக்கலைத் துறையும் இத்தகைய செடிப்பைகளையும் விதைகளையும் மானிய விலையில் வழங்கி வந்திருக்கிறது.

ஆடிப்பட்டத்தில் அவரையும் வெண்டையும் ஊன்றப்பட்டன, தொட்டியில் துளசி. வெண்டை விரைவில் காய்த்தது. அவரையோ பனிக்காலத்தை எதிர்நோக்கி நின்றது. ஐப்பசி மழையில் துளை அடைபட்ட ஒரு பையின் கொடி வேரழுகி மாண்டது. மற்றவற்றில் அசுவினி மொய்த்தது. வேப்பெண்ணெயைச் சோப்பு நீரில் கலந்து தெளித்து அதை அடக்கினார். நாற்காலியில் அமர்ந்தபடியே நீர் வார்த்தார்.

மார்கழியில் ஒரு கைப்பிடி அவரைக்காய் கிடைத்தது. அன்று அது பொரியலாகிப் பெருமாளுக்கு நிவேதனமான பின்னரே வீட்டாரின் இலைக்கு வந்தது. பிரசாதம் ஆளுக்கு ஒரு கரண்டிதான்.

கீதையில் கண்ணன் ஏற்பதாகக் கூறுவன இலை, பூ, கனி, நீர் ஆகியவையே. அவற்றின் அளவை அவன் கூறவில்லை. கோயிலுக்கு நடக்கக் கால்கள் மறுக்கலாம். ஒரு சொம்பு நீர் வார்க்கக் கைகள் மறுப்பதில்லை. முதுமையில் குறைவது நடையே அன்றித் தொண்டு அன்று.