அழித்த நெருப்பே அன்னமிடுகிறது

ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த கனாரித் தீவுகளில் ஒன்று லான்சரோட்டே. அங்கே திமான்பாயா தேசியப் பூங்காவில், கரும்பாறை மேட்டின் மீது ஓர் உணவகம் இருக்கிறது. அதன் பெயர் 'எல் தியாப்லோ'. 'பசாசு' என்பது பொருள். குருவானவர் ஒருவர் இத்தகைய பெயருடைய இடத்தில் உணவருந்தலாமா என்று வாயிலிலே சற்றுத் தயங்கினேன், பசி வென்றது.

அங்கே கிணறு போல வட்டமாகக் கல்லால் கட்டிய குழி ஒன்று. அதன் வாயில் இரும்புக் கம்பித் தட்டு. சமையற்காரர் அதன்மேல் கோழித் துண்டுகளை அடுக்கி வாட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். விறகில்லை, கரியில்லை, சுவாலையும் இல்லை. நிலத்தின் ஆழத்திலிருந்து எழும் வெப்பம் ஒன்றே அங்கு அடுப்பு! 13 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 600 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் உள்ளதாம். அருகில் நிலத்தில் பதித்திருந்த குழாயில் ஊழியர் ஒருவர் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். மறுகணமே அது நீராவியாகச் சீறி வானை நோக்கிப் பாய்ந்தது. 1970-இல் இவ்வுணவகத்தை அமைத்தவர், அத்தீவில் பிறந்த கலைஞர் சேசார் மன்ரீக்கே.

இன்று உணவு சமைக்கும் இவ்வெப்பம், ஒரு காலத்தில் ஊர்களையே விழுங்கிய நெருப்பின் மிச்சம். 1730 செப்டம்பர் முதல் நாள் இரவில் பூமி பிளந்தது. 1736 வரை எரிமலைகள் குமுறின. தீவின் கால் பாகம் அளவு நிலம் நெருப்புக் குழம்பால் மூடுண்டது. யாய்சா ஊரின் பங்குக்குரு அந்திரேஸ் லொரென்சோ குர்பெலோ தாம் கண்டவற்றை எழுதி வைத்தார். நச்சாவியால் கால்நடைகள் மடிந்ததையும், மீன்கள் செத்து மிதந்ததையும் அவர் குறித்துள்ளார். 1731-ஆம் ஆண்டின் இறுதியில், இனித் தாங்க இயலாதென்று, தம் மக்களுடன் கிரான் கனாரியா தீவுக்குப் படகேறினார்.

எஞ்சியிருந்தோர் வியாகுல மாதாவின் திருவுருவத்தைச் சுமந்து பவனி சென்றதாகவும், நெருப்பாறு ஊருக்குமுன் நின்றதாகவும் அத்தீவினர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். மாஞ்சா பிளாங்காவில் உள்ள எரிமலை அன்னையின் ஆலயத்தில் செப்டம்பர் 15-இல் இன்றும் திருவிழா நடைபெறுகிறது.

பின்னர் அம்மக்கள் ஒன்றைக் கண்டறிந்தனர். நிலத்தை மூடிய கரிய எரிமலைச் சாம்பல் இரவுப் பனியின் ஈரத்தை வாங்கி, வெயிலில் உலராதபடி காத்தது. மழை அரிதான அம்மண்ணில் குழி பறித்து, காற்றுத் தடுக்கக் கற்சுவர் எழுப்பி, கொடிமுந்திரி நட்டனர். லா ஹேரியாப் பள்ளத்தாக்கில் அக்கொடிகள் இன்றும் பசுமையாய்க் காய்க்கின்றன.

உணவு மேசைக்கு வந்தது. சிலுவை அடையாளம் வரைந்தபோது, படகேறிய அக்குருவின் நினைவு வந்தது. சாம்பலில் கொடி தளிர்க்கும் என்றோ, அந்நெருப்பில் பிற்காலத்தார் உணவு சமைப்பர் என்றோ அவர் அன்று அறிந்திருக்க வழியில்லை. அவர் அறிந்ததெல்லாம் தம் மக்களின் கண்ணீர் ஒன்றே. அவர்களை விட்டு அவர் அகலவில்லை. நம் துன்பத்தின் பலனை நாமே காண்போம் என்று ஆண்டவர் வாக்களிக்கவில்லை. நம் பிள்ளைகள் காணக்கூடும். அதுவரை ஒருவரை ஒருவர் கைவிடாதிருப்பதே நம் கடமை.