கூதிர்க் கடல்

பெரும்பொழுதினை ஆறாக வகுத்த நம் முன்னோர் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்ப்பருவம் என்றனர். தொல்காப்பியனார் அதனைக் குறிஞ்சிக்கு உரியதாக்கினார். நெய்தலுக்கோ பெரும்பொழுது எதனையும் எடுத்தோதாது, எற்பாடு என்னும் சிறுபொழுதினை மட்டும் கூறி அமைந்தார். பின்வந்த நாற்கவிராச நம்பி, ஆறு பெரும்பொழுதும் நெய்தலுக்கு உரியனவே என்று தம் அகப்பொருள் விளக்கத்தில் விதித்தார். இவ்விரண்டினையும் யாம் வகுப்பறையில் ஒருங்கே கற்றோம். நம்பியின் விதிக்கு உரை எழுதியவர் பலர். எமக்கு அதன் பொருளை விளங்க உரைத்தவர் கடலன்றி வேறறியாத எம் தாய்மாமன் ஆவர். கடந்த ஐப்பசியில், தீபாவளி விடுமுறைக்கு மணப்பாடு சென்று அவர் இல்லத்தில் யாம் தங்கியிருந்த நாட்களில் கண்டவற்றையும் கேட்டவற்றையும் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

மணப்பாடு, திருச்செந்தூருக்குத் தெற்கே மன்னார்க் குடாக்கடலின் ஓரத்தில் அமைந்த பரதவர் ஊர். கடலை நோக்கி நீண்டு நிற்கும் மணற்குன்றும், அதன்மேல் 1581-ஆம் ஆண்டில் எழுந்த திருச்சிலுவைக் கோயிலும், கலங்கரை விளக்கமும் அதன் அடையாளங்கள். ஊரை ஒட்டி உப்பங்கழி ஒன்று உண்டு. கருமேனியாறு கடலொடு கலக்குமிடம் அது. வேனிலில் அலை ஒதுக்கும் மணல் அக்கழியின் வாயை அடைத்துவிடும். மழைநீர் பெருகியவுடன் அம்மணல் உடைந்து, கழியும் கடலும் ஒன்றாகும். அன்று முதல் ஊரில் கூதிர் தொடங்கிற்று என்பர்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றினால் பெய்வது. உழவன் அம்மழையை வேண்டி வானத்தைப் பார்க்கிறான்; பரதவன் அதே வானத்தை ஐயத்தோடு பார்க்கிறான். மேற்கினின்று வீசிய கச்சான் ஓய்ந்து வாடை நிலைபெறும் வரைக்கும் காற்றுக்கு ஓர் ஒழுங்கில்லை. விடியலில் எண்ணெய் ஊற்றியதுபோல் அசைவற்றுக் கிடக்கும் நீர், உச்சிப் பொழுதிற்குள் படகின்மேல் ஏறிவரும். ஆயினும் அடுப்பு எரியவேண்டுமாதலின், பரதவர் இப்பருவத்திலும் கடல்மேற் செல்லாதிருப்பதில்லை.

ஆறு கொணரும் செத்தையும் முள்ளும் வலையை நிறைத்துக் கிழிக்குமாதலால், எம் மாமன் இந்நாட்களில் வலையை மடித்துவைத்துத் தூண்டிலை எடுப்பர். தூண்டிலுக்கு முதல் வேலை இரை தேடுதல். விளைமீனும் பாறையும் களவாயும் செத்த இரையைத் தின்னாமலில்லை. எனினும் துடிக்கும் இரையைக் கண்டால் அவை சற்றும் தயங்கா. ஆகவே முதல்நாள் மாலையில் கழியிற் சிறுமீன் பிடிக்க எம்மையும் உடனழைத்துச் சென்றார்.

அதற்கு அவர் கொண்டுசென்றது ஒரு கூடு. மூங்கிற் சிம்புகளைப் பனைநாரால் நெருங்கப் பின்னிய, ஒரு முழ நீளமுள்ள உருளை அது. அதன் ஒருதலை அடைபட்டிருக்கும். மறுதலையில் ஊமத்தம்பூவின் வடிவில் உள்நோக்கிக் குவிந்த வாய் அமைந்திருக்கும். வெளிப்புறம் விரிந்த அவ்வாய், உட்புறம் இருவிரல் நுழையும் அளவாகச் சுருங்கிக் கூட்டின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும். சரிவைத் தொடர்ந்து வரும் மீன் எளிதில் உள்ளே புகும். புகுந்தபின் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி வருமாதலால், நடுவில் நிற்கும் சிறுவாய் அதன் கண்ணிற்படுவதில்லை. கூட்டினுள் தவிட்டையும் பழஞ்சோற்றையும் நசுக்கிய சிப்பிச் சதையையும் பிசைந்து உருண்டையாக வைத்து, நீர் வற்றத் தொடங்கிய வேளையில், ஓடையின் அடியிற் கல்லைக் கட்டி இறக்கினார். கூட்டின் வாய் கடலை நோக்காது நிலத்தை நோக்கியிருந்தது கண்டு வியந்தோம்.

“மீன் கடலிலிருந்துதானே வரும், மாமா? வாயை மேற்கே திருப்பி வைத்துவிட்டீர்களே?” என்றோம்.

“நீர் ஏறும்போது குஞ்சுகள் சதுப்பெங்கும் பரந்து மேயும், மருமகனே, அப்போது எந்தப் பக்கம் வாய் வைத்தாலும் ஒன்றிரண்டுதான் அகப்படும். வற்றும்போது அவை எல்லாவற்றுக்கும் இந்த ஓடை ஒன்றே வழி. திரும்பி வருகிறதை எதிர்கொண்டு வைக்கவேண்டும்,” என்றார்.

இக்கரையில் ஓதம் ஏறி வற்றும் அளவு மூன்றடிக்கு மேற்படுதல் அரிது. அச்சிறு ஏற்ற இறக்கத்தையே கணக்கிட்டு வாழும் வாழ்வு அது. இருட்டுமுன் கூட்டைத் தூக்கியபோது, விரல் நீளமுள்ள மடவைக் குஞ்சுகள் அறுபதுக்குக் குறையாமல் வெள்ளிக்காசுகள்போல் துள்ளின. அவற்றைக் கைப்படாமல் அகன்ற தொட்டியிற் கவிழ்த்தார். உலர்ந்த கை பட்டாற் செதில் உதிரும். செதில் உதிர்ந்த குஞ்சு விடியுமுன் இறக்கும். இறந்தது ஒன்று கிடந்தால் நீர் கெட்டு மற்றவையும் மாளும். ஆதலின் ஈரச் சாக்கினால் தொட்டியை மூடி, இரவில் மும்முறை எழுந்து நீர் மாற்றினார். எம் அத்தை, “பெற்ற பிள்ளைகளுக்குக்கூட இப்படி எழுந்ததில்லை,” என்று நகைத்தார்.

வைகறையிற் புறப்பட்டோம். மாமனும், அவர் தம்பியும், யாமும் ஆக மூவர். கட்டுமரம் இருந்த இடத்தில் இன்று பைபர்ப் படகும் எஞ்சினும் வந்துள்ளன. மாமன் உடனே ஏறவில்லை. நீர் விளிம்பில் நின்று பிடரியிற் கைவைத்துச் சிறிது பொழுது காற்றை ஆராய்ந்தார். கீழ்வானில் ஒலியின்றி ஒரு மின்னல் தோன்றி மறைந்தது. “தொலைவில்தான் இருக்கிறது; போய்ப் பார்ப்போம்,” என்றார்.

கடலடியில் மீன் தங்கும் கற்றிட்டினைப் ‘பார்’ என்பர். நீருக்கடியில் மறைந்து கிடக்கும் அதனைக் கண்டடையும் முறைக்குக் ‘கணியம்’ என்று பெயர். கரையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு பொருள்கள் ஒரு நேர்கோட்டிற் படவேண்டும். வேறொரு திசையில் மற்றும் இரண்டு பொருள்கள் அங்ஙனமே படவேண்டும். அவ்விரு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டுமிடம் பார். குன்றின்மேற் கோயிலின் முகடும் அதற்கப்பால் தேரிமேட்டுப் பனங்கூட்டமும் ஒன்றுபட்ட அளவில், மாமன் கைகாட்ட, எஞ்சின் நின்றது; நங்கூரம் இறங்கிற்று. பள்ளியில் வடிவகணிதம் பயின்ற எமக்கு, பள்ளியை அதிகம் அறியாத அவர் அக்கணிதத்தைக் கடல்மேற் செய்துகாட்டினார். ஆழம் 12 பாகம். இரு கைகளையும் விரித்த நீளமே ஒரு பாகம். அளவுகோல் மீனவன் உடம்பிலேயே உளது.

மடவைக் குஞ்சின் முதுகில், நடுமுள்ளில் தையாதவாறு முதுகுத்துடுப்பின் அருகே தூண்டிலை மெல்லக் கோத்து இறக்கினோம். முள் தைத்தால் இரை செயலற்றுப்போகும். தையாவிடில் நெடுநேரம் நீந்தும். சிறிது பொழுதில் தங்கூசி கையை அறுப்பதுபோல் இழுத்தது. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு விளைமீன்களும், நான்கு கிலோ மதிக்கத்தக்க பாறை ஒன்றும் ஏறின. மீன் இவ்வளவு விரைந்து எடுப்பதைக் கண்டு மாமனின் தம்பிக்கு முகம் மலர்ந்தது.

அப்போது மாமன் தம் தூண்டிலை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். ஈயக்குண்டு நேரே தொங்காமல் தெற்கே சாய்ந்து நின்றது. வந்தவேளையில் அஃது அவ்வாறு நிற்கவில்லை. “நீவாடு மாறிவிட்டது,” என்றார். நீவாடு என்பது கடல்நீரோட்டம். காற்று அறவே நின்றிருந்தது, புழுக்கம் மிகுந்தது. கிழக்கே கடலும் வானும் கூடுமிடத்தில் கரைபோல ஒரு கருமை நின்றது. பின்னர்ப் பிடரியில் ஊதியதுபோல் வடக்கினின்று ஒரு குளிர்மூச்சு வந்து நின்றது.

“நங்கூரத்தைத் தூக்கு,” என்றார் மாமன்.

“அண்ணே, மீன் இப்போதுதானே எடுக்கிறது! தொட்டியில் இன்னும் நாற்பது இரை உயிரோடிருக்கிறது. எண்ணெய்க் காசாவது தேறட்டும், ஒரு அரைமணி பொறுப்போம்,” என்றார் தம்பி. அவர் உரைத்தது பொய்யன்று. அடுத்த வாரம் அவர்தம் மகளுக்குப் பள்ளிப் பணம் கட்டவேண்டும் என்பதை யாம் அறிவோம்.

மாமன் சினங்கொள்ளவில்லை. “நாம் மீனுக்கு வைத்த இரை நம் கண்ணுக்குத் தெரிகிறது. கடல் நமக்கு வைக்கிற இரை இதுதான், தம்பி,” என்று கூறிக் கயிற்றைத் தாமே இழுக்கலானார். சூதில் ஒருமுறை பெற்ற வெற்றியைத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனொடு உவமித்தார் திருவள்ளுவர். அவ்வுவமையின் ஆழத்தை யாம் அப்படகில் கண்டோம்.

கரைக்குப் பாதிவழி வருமுன் வாடை முழுவேகத்தோடு தாக்கிற்று. மழை திரைபோல் இறங்க, கோயிலும் விளக்கமும் குன்றும் மறைந்தன. கணியத்திற்கு உரிய குறிகள் யாவும் போயின. அச்சத்தை அடக்கிக்கொண்டு, “கரை எப்பக்கம் என்று எவ்வாறு அறிவது, மாமா?” என்றோம். “வாடை வலத்தோளின் பின்புறத்தை அடிக்கிறதா? அடிக்கிறமட்டும் நம் முகம் கரையைப் பார்த்திருக்கிறது,” என்றார். பின்னின்று எழுந்துவரும் ஒவ்வோர் அலைக்கும் எஞ்சினைத் தணித்து, படகு குறுக்கே திரும்பாதபடி காத்து, அலை கடந்தபின் விரைவித்தார். தம்பி வாளியால் நீரை இறைத்த வண்ணம் இருந்தார். ஒரு சொல்லும் முறுமுறுக்கவில்லை. கரையோரத்தில் பேரலைகளைப் போகவிட்டு, அவற்றின்பின் வந்த தணிந்த அலையின் முதுகிலேறி மணலை அடைந்தோம்.

அத்தை மழையில் நனைந்தபடி நின்றார். எம் மூவரையும் ஒருமுறை பார்த்தார். தொட்டியையோ மீனையோ பார்க்கவில்லை. “இன்னும் இரண்டு படகு வரவேண்டும்,” என்று மட்டும் கூறி, மீண்டும் கடலை நோக்கித் திரும்பினார். அவை எம் உறவினர் படகுகள் அல்ல. ஆயினும் அத்தையும், மற்றும் பத்துப் பன்னிரண்டு பெண்டிரும், உண்ணாமலும் பேசாமலும் நண்பகல்வரை அம்மணலில் நின்றனர். நண்பகலில் இரண்டு படகுகளும் வந்தன. அதன்பின்னரே வீடுகளில் அடுப்பு மூட்டினர்.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று கற்றவர் நாம். பிரிந்த தலைவனை எண்ணித் தலைவி வருந்துதல் என்று விடைத்தாளில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றவர். அம்மணலில் நின்ற பெண்டிர் இலக்கணம் கற்றிலர். அவ்விலக்கணம் எவரைக் கண்டு எழுதப்பட்டதோ அவர் வழிவந்தவர். 2017-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக்கடலைக் கலக்கியபோது, முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த மீனவர் பலர் மீளவில்லை. அப்பெண்டிர் ஏன் பேசாது நின்றனர் என்பது அந்நிகழ்ச்சியை நினைவார்க்கு விளங்கும்.

அன்று பிடித்த மீன் கரையிலேயே ஏலம் போயிற்று. எண்ணெய்ச் செலவு போக ஆளுக்கு 250 ரூபாய் கிடைத்தது. மாமன் தம் பங்கையும் தம்பியின் கையில் வைத்து, “பிள்ளைக்குப் பணம் கட்டு, அடுத்த பாட்டில் கழித்துக்கொள்வோம்,” என்றார். மழை நான்கு நாட்கள் விடவில்லை. எஞ்சிய மடவைக் குஞ்சுகளை அன்று மாலையே கழியிற் கொண்டுபோய் விட்டார். “வைத்திருந்தால் சாகும்; விட்டால் வளரும்,” என்றார்.

மாணவ நண்பர்களே! 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி நம் நூலகத்தில் உளது. அதனைத் தொகுத்த பெரியோர்க்கு நம் கடப்பாடு பெரிது. எனினும் கடற்கரையின் சொற்கள் இன்னும் ஏட்டில் ஏறவேண்டியன பல. செயற்கைக்கோளின் துணைகொண்டு இடங்காட்டும் கருவி இன்று படகுதோறும் வந்துவிட்டது. அது நன்றே; உயிரைக் காப்பது எதுவும் நன்றே. ஆயினும் அக்கருவி வந்தபின் இளைஞர் கணியம் பயில்வதில்லை. கணியம் மறைந்தால் அச்சொல்லும் மறையும். அச்சொல்லோடு, எந்தப் பாருக்கு எந்தப் பனை குறி என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவும் மறையும். கருவியின் மின்கலம் தீர்ந்த நாளில், வலத்தோளில் வாடையை உணர்ந்து கரைசேரும் கலையை எவர் கற்பிப்பர்?

நம் கல்லூரியில் கடலோர ஊர்களிலிருந்து வந்து பயில்வோர் சிலர் உளர். விடுமுறையில் இல்லம் செல்லும்போது, ஒரு குறிப்பேட்டினை எடுத்துச் செல்க. தந்தையும் மாமனும் பாட்டனும் வழங்கும் காற்றின் பெயர், நீரின் பெயர், மீனின் பெயர், கூட்டின் உறுப்புக்களின் பெயர் ஆகியவற்றை அவர்கள் ஒலிக்குமாறே எழுதி வருக. உள்நாட்டினராகிய ஏனையோர் ஏரியையும் வயலையும் பற்றி அங்ஙனமே எழுதுக. ஓராண்டில் ஒருவர் 50 சொற்கள் கொணர்ந்தாலும் நம் தமிழ்க் கழகத்திற்கு அது பெருஞ்செல்வமாகும். எம் குறிப்பேட்டில் இதுவரை 83 சொற்கள் உள்ளன. கார்த்திகை மழை விட்டபின், மாமனிடம் கேட்கவேண்டியவை இன்னும் எஞ்சியுள்ளன.