கலங்கலைக் கழுத்துக்கு இறக்கும் கைகள்

பாரிசுக்குக் கிழக்கே, மார்ன் ஆற்றங்கரை ஊர் எப்பெர்னே. அதுவும் பக்கத்து ரேன்ஸ் நகரமும் சுண்ணக்கல் நிலத்தின்மேல் நிற்பவை. அந்தக் கல்லைக் குடைந்து அமைத்த நிலவறைகளையும் சுற்றியுள்ள திராட்சைச் சரிவுகளையும் 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வெளியே எந்தப் பருவமானாலும் உள்ளே பத்துப் பன்னிரண்டு டிகிரிதான். ஷாம்பெயின் என்னும் நுரைக்கும் மதுவின் வேலையை, தோட்டம் முதல் விற்பனை வரை, குடும்பமாகவே பார்த்துக்கொள்ளும் ஒருவரின் நிலவறைக்குள் இறங்கினேன். 'ரெம்யூர்' எனப்படும் பாட்டில் திருப்புகிறவரின் வேலையை அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்பதே நோக்கம்.

இந்த வேலை ஏன் வந்தது? ஷாம்பெயினின் நுரை வெளியிலிருந்து ஏற்றப்படுவதல்ல. ஒருமுறை நொதித்து முடிந்த மதுவில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து, பாட்டிலில் அடைத்து மூடிவிடுகிறார்கள். உள்ளேயே மறுபடி நொதிக்கிறது. வெளியேற வழியில்லாத கரியமில வாயு மதுவிலேயே கரைந்து, அழுத்தம் ஆறு வளிமண்டலம் வரை ஏறுகிறது. வேலை முடித்த ஈஸ்ட் செத்து வண்டலாகப் படிகிறது. சுவை கூடுவது அந்த வண்டலோடு கிடப்பதால்தான். சாதாரண ஷாம்பெயின்கூடப் பாட்டிலில் அடைத்தபின் குறைந்தது 15 மாதம் நிலவறையில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

பிறகு வண்டலை வெளியேற்றியாக வேண்டும். நம் ஊரில் கலங்கிய தண்ணீர்ப் பானையில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டு, தெளிந்ததை மேலாக மொண்டுகொள்வார்கள். இங்கே மொள்ள வழியில்லை. திறந்து ஊற்றினால் நுரை போய்விடும். 1805-ல் 27 வயதில் கணவரை இழந்து, அவர் விட்டுச்சென்ற வணிகத்தை ஏற்று நடத்திய பார்ப்-நிக்கோல் கிளிக்கோவின் நிலவறையில்தான் இதற்கு விடை கிடைத்தது. பாட்டிலைத் துளையிட்ட பலகையில் செருகி, நாள்தோறும் சிறிது திருப்பி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவரும் முறை அது. அவருடைய நிறுவனம் அதன் தொடக்கத்தை 1816 என்று குறிக்கிறது. நிலவறைத் தலைமைப் பணியாளர் அந்துவான் முல்லருக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

நான் பார்த்த பலகைகள் கூடார வடிவில் சாய்ந்து நின்றன. பக்கத்துக்கு 60 துளை. இரு பக்கமும் சேர்த்து 120 பாட்டில். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைக் கோடு. ஐம்பதைத் தாண்டிய தொழிலாளி இரு கைகளாலும் இரு பாட்டில்களின் அடியைப் பற்றினார். இடமும் வலமுமாகச் சுருக்கென்று ஓர் உதறல். எட்டில் ஒரு பங்கு திருப்பம். அடிப்பக்கத்தை மயிரிழை உயர்த்தி மீண்டும் துளையில் விடுதல். அடுத்த இரண்டுக்குக் கை போய்விட்டது. எத்தனையாவது திருப்பம் என்பதைக் கோடு நிற்கும் இடத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறார். ஒரு பாட்டிலுக்கு ஏறக்குறைய 25 திருப்பங்கள். நான்கு முதல் ஆறு வாரம். தேர்ந்த கை ஒரே நாளில் சுமார் 40,000 பாட்டில்களைத் திருப்பும்.

உதறல் எதற்கு என்று கேட்டேன். ஒரு பாட்டிலை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். வண்டலில் குருணை போன்றதும் உண்டு, மாவு போன்றதும் உண்டு. குருணை தானே சரிந்துவிடுகிறது. மாவோ, லேசாக அசைந்தாலே புகைந்து மேலெழும்புகிறது. கனத்தது லேசானதையும் கூட்டிக்கொண்டு இறங்க வேண்டும். கை முரட்டுத்தனமானால் எல்லாம் கலையும். தயங்கினால் மாவு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பாட்டிலின் தோள்வளைவில் நகத்தின் அகலத்துக்கு ஒரு சாம்பல் வரி ஒட்டியிருந்தது. "இதை நன்றாகக் குலுக்கிப் படுக்கப்போட்டு, முதலிலிருந்து தொடங்கணும்" என்றார்.

வண்டல் முழுதும் மூடிக்கு வந்ததும் கழுத்தைச் சுமார் மைனஸ் 27 டிகிரிக் கரைசலில் முக்குகிறார்கள். மூடியைத் திறந்தால் உறைந்த வண்டலை உள்ளழுத்தமே வெளியே தள்ளிவிடுகிறது. குறைந்துபோன அளவுக்கு மது ஊற்றிக் கார்க்கு அடித்தால் முடிந்தது.

அதே நிலவறையின் மறுகோடியில் இயந்திரமும் இருந்தது. சுமார் 500 பாட்டில் கொள்ளும் இரும்புக் கூண்டு, மோட்டாரில் சாய்ந்து சுழல்கிறது. ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. இன்று பெரும்பாலான ஷாம்பெயின் இப்படித்தான் தெளிகிறது. சுவையில் வித்தியாசம் உண்டா என்று கேட்டதற்கு, இல்லை என்று அந்தத் தொழிலாளி சட்டென்று சொன்னார். காலம் முழுக்கத் திருப்பியதில் தோள்பட்டை போய்விட்டது, இந்தக் கூண்டு வந்தது நல்லதுதான் என்றார். அவர் சொல்வது நியாயம். ஒருவரின் தோளைத் தேய்த்துத்தான் மரபைக் காக்க வேண்டுமென்றால் அது காப்பு ஆகாது.

ஆனால் அந்தக் கூண்டு எத்தனை பாகை சாயணும், எவ்வளவு நேரம் நிற்கணும் என்று முடிவு செய்கிறவரும் அவர்தான். ஒவ்வோர் ஆண்டு மதுவிலும் வண்டல் ஒவ்வொரு விதம். மாதிரிப் பாட்டில் ஒன்றை எடுத்து, விளக்கில் பார்த்து, மெல்லச் சாய்த்து, குருணையா மாவா என்று கண்டபிறகே இயந்திரத்துக்குக் கணக்குப் போடுகிறார். கூண்டில் அடங்காத பெரிய பாட்டில்களையும் அடம்பிடிக்கும் பாட்டில்களையும் இன்னும் பலகைக்கே கொண்டுவருகிறார். அந்தக் கண் பலகையின் முன் நின்ற வருடங்களில் வந்தது.

குடும்பத்தின் இளைய மகளுக்கு அவர் இப்போது ஒரு பலகையை ஒதுக்கியிருக்கிறார். மற்றதெல்லாம் கூண்டில் ஓடட்டும், அந்த 120 பாட்டிலை மட்டும் அவள் கையால் இறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கைத்தொழிலை இயந்திரத்துக்கு ஒப்படைக்கும் எந்த ஊருக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும். உழைப்பைக் கொடுத்துவிடலாம். உழைத்ததால் வந்த அறிவு அடுத்தவருக்குப் போய்ச் சேர ஒரு பலகையாவது கையில் இருக்க வேண்டும்.